பயம் வந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடலாமா?

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையிலிருந்து கிண்டிக்கு மெட்ரோவில் வேலைக்குப் போகிறவன் நான். வயது 28. நான்கு மாதத்துக்கு முன் ஒருநாள் மண்ணடி தாண்டியதும் நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, கை மரத்து, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். சென்ட்ரலில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இசிஜி நார்மல், கேஸ் ட்ரபிளாக இருக்கும் என்றார்கள். அப்புறமும் சில முறை வந்துவிட்டது. இப்போது அப்பாதான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். தண்ணீர் பாட்டில் இல்லாமல் எங்கும் போவதில்லை. மருந்துக்கடையில் வேலை செய்யும் நண்பன் கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை பர்ஸில் இருக்கிறது. அம்மா கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறார். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். இதைப் பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

கயிறு இருக்கட்டும், கெடுதல் இல்லை, அம்மாவுக்கும் நிம்மதி. முதல் முறை வந்தபோது இசிஜி எடுத்தது சரியான காரியம். தைராய்டும் ரத்தசோகையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆபீஸில் டீ மேல் டீ குடிக்கிறவராக இருந்தால் குறையுங்கள். ஆனால் அந்த மாத்திரைக்கு உங்களைத் திட்டியே ஆகவேண்டும். உங்கள் நண்பன் என்ன மனநல டாக்டரா? அல்பிரசோலம் சீக்கிரம் பழக்கமாகிவிடும், விடுவது பெரும்பாடு. இத்தனை நாள் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நான் டாக்டர் இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று உச்சத்துக்குப் போகும் பயம், மாதிரிதான் இருக்கிறது. கை ஏன் மரத்தது தெரியுமா? மூச்சு போதவில்லை என்று நினைத்து வேகவேகமாக இழுத்திருப்பீர்கள். அப்படி இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் நுனி மரக்கும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கும், தலை சுற்றும். அதைப் பார்த்து இன்னும் பயம், இன்னும் வேகமாக மூச்சு. உடம்பில் நடப்பதைச் சாவு என்று தப்பாகப் படிப்பதுதான் இந்தச் சுழலைக் கிளப்புகிறது என்று 1986-இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் விளக்கினார். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கிவிடும். நீங்கள் சென்ட்ரலில் இறங்காமல் இருந்திருந்தாலும் இறங்கியிருக்கும்.

என்னை உறுத்தியது அப்பாவின் பைக்தான். என் சித்தியைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். ராயபுரத்தில் இருந்தார். ஒரு தீபாவளிக்கு முன் எம்.சி. ரோட்டில் புடவைக் கடைக் கூட்டத்தில், மடியில் பிரித்துப் போட்ட புடவையோடு அப்படியே வியர்த்து உட்கார்ந்துவிட்டார். யாரோ சோடா வாங்கி வந்தார்கள். அன்றோடு எம்.சி. ரோடு போயிற்று. பிறகு கல்மண்டபம் மார்க்கெட், பிறகு கோயில், கடைசியில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கக்கூட வாசலுக்கு வருவதில்லை. நாங்கள் எல்லோரும் ஓடி ஓடிச் செய்தோம். ஜாக்கெட் பிட்டுக்குக்கூட நான்தான் கடையிலிருந்து நாலைந்து நிறத்தை எடுத்துவந்து காட்டுவேன், சித்தி கட்டிலில் உட்கார்ந்தபடி ஒன்றைத் தொடுவார். "ராணி மாதிரி வெச்சிருக்கேன், வெளியவே அனுப்பமாட்டேன்" என்று சித்தப்பா பெருமையடிப்பார். மகள் கல்யாணத்தைச் சித்தி வீடியோ கேசட்டில்தான் பார்த்தார். டாக்டரிடம் காட்டலாம் என்று யாராவது வாயெடுத்தால், தெருவில் கீழ்ப்பாக்கம் கேஸ் என்று பெயராகிவிடும் என்பார்கள். 1794-லிருந்து வரலாறு உள்ள மனநல ஆஸ்பத்திரி அது. நம் ஊருக்கு இன்னும் அது கிண்டல்தான்.

சித்தியை அடைத்துவைத்தது அந்தப் படபடப்பு மட்டும் இல்லை, எங்கள் பாசமும்தான். நீங்கள் ஒவ்வொரு முறை பாதியில் இறங்கும்போதும், இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று உங்கள் மூளை எழுதிவைத்துக்கொள்கிறது. பைக்கும் பாட்டிலும் பர்ஸில் இருக்கும் மாத்திரையும் செய்வது அதே வேலையைத்தான். வட்டிக்காரருக்கு வட்டி மட்டும் கட்டுவது போல, அன்றைய பொழுது போகும், அசல் அப்படியே நிற்கும். உங்கள் அப்பா நல்லவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெயிலில் கிண்டி வரை ஓட்டுகிறாரே! ஆனால் அவர் உங்கள் நோய்க்கும் சேர்த்து பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். முதலில் போனில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். சிபிடி என்ற பேச்சு சிகிச்சை இதற்கு நன்றாகக் கேட்கும். தேவைப்பட்டால் தினமும் சாப்பிடும் வேறு வகை மாத்திரையும் தருவார்கள், அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதோடு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கூட்டமில்லாத ஒரு ஞாயிறு காலை மெட்ரோவில் டோல்கேட் பக்கம் போய்ப் பாருங்கள். அந்தப் பக்கம் மேம்பாலத்தில் போகிறது, வெளிச்சம் இருக்கும். அது பழகியதும் மண்ணடி, பிறகு உயர் நீதிமன்றம். பயம் வரும், வரட்டும். மூச்சை நிதானமாக வெளியே விடுங்கள், காகிதப் பையில் மூச்சு விடும் சினிமா வைத்தியமெல்லாம் வேண்டாம். படபடப்பு இறங்கும் வரை வண்டியிலிருந்து நீங்கள் இறங்காதீர்கள்.

பெண் வீட்டாரிடம் சொல்வதா என்றுதானே கேட்டிருந்தீர்கள். வீட்டாரிடம் எதற்கு? பெண்ணிடம் சொல்லுங்கள், நிச்சயத்துக்கு முன்பே. அதற்கும் முன்னால் ஸ்டான்லியில் ஓ.பி. சீட்டு போடுங்கள்.