கேம்சாட் மதிப்பெண் நடுத்தரம்: எங்கே விண்ணப்பிப்பது?

கேள்வி: இளநிலைப் பட்டம் முடித்த என் மகள் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கேம்சாட்டின் மூன்று பகுதிகளில் (வாசித்துப் பகுத்தறிதல், கட்டுரை, அறிவியல்) முறையே 64, 68, 56 பெற்றிருக்கிறாள். பட்டப்படிப்பின் சராசரிப் புள்ளி 7க்கு 6.7. பட்டதாரிகளுக்கான மருத்துவப் படிப்பில் சேர வழியுண்டா?
— வாசகர், மெல்பர்ன்

பதில்: நிச்சயமாக உண்டு, ஆனால் கல்லூரிகளைத் தேர்வதில் கவனம் வேண்டும். அறிவியல் பகுதியை இருமடங்காகக் கணக்கிடும் வழக்கமான முறையில் உங்கள் மகளின் மதிப்பெண் 61. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைப் போல மூன்று பகுதிகளையும் சமமாக வைத்துச் சராசரி எடுத்தால் அதுவே ஏறத்தாழ 63 ஆகிறது. கட்டுரைப் பகுதியில் வலுவாக இருப்பவருக்கு இந்த இரண்டு புள்ளிகள் சிறிய விஷயமல்ல. ஆகவே, ஒவ்வொரு கல்லூரியும் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது, பட்டப் புள்ளிக்கு எவ்வளவு எடை தருகிறது என்பதை இவ்வாண்டு வழிகாட்டியில் பார்த்த பிறகே விருப்ப வரிசையை எழுதுங்கள். பல கல்லூரிகளுக்கும் சேர்த்து அனுப்பும் பொது விண்ணப்பமான ஜெம்சாஸ் வழியாக ஒரே ஒரு நேர்காணல் அழைப்புதான் கிடைக்கும் என்பதால், அந்த வரிசையை அவசரத்தில் நிரப்பிவிடாதீர்கள். சிட்னி பல்கலைக்கழகத்துக்குத் தனியே விண்ணப்பிக்கலாம்.

அரசு மானிய இடங்களில் ஒரு பகுதி, படித்து முடித்தபின் மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதிகளில் மூன்றாண்டு பணியாற்றும் நிபந்தனைக்கு உட்பட்டது. மகளுக்கு உண்மையிலேயே சம்மதமென்றால், அதையும் ஏற்பதாகக் குறிப்பிடலாம். இம்மதிப்பெண் நான்கு ஆண்டுகள் செல்லுபடியாகும். எனினும் அறிவியல் பகுதியை உயர்த்த அடுத்த தேர்வுக்கு இப்போதே பதிவு செய்வது நல்லது.