பிரெய்ரிக் குளிர்காலப் பழைய படங்கள்: கேள்வி பதில்

கனடாவின் மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா, அதற்குத் தெற்கே அமெரிக்காவின் டகோட்டாக்கள், நெப்ராஸ்கா. இந்தச் சமவெளி ஊர்களின் பழைய பனிக்காலப் படங்களைப் பன்னிரண்டு வருஷமாகச் சேர்க்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். விலை கேட்பவர்கள் ஏலக்காரரைப் பாருங்கள்.

கே: வின்னிபெக்கில் பழைய சாமான் கடையில் தபால் அட்டை மாதிரி ஒரு படம் வாங்கினேன். பனியில் குதிரைகள். எந்த வருஷம்?

ப: முன்பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள், எல்லோரும் இதையேதான் செய்கிறார்கள். திருப்பிப் பாருங்கள். தபால் அட்டை அளவிலேயே படம் விழும் மடக்குக் கேமராவைக் கோடாக் 1903-இல் விற்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் சின்ன ஊர்க்காரர்கள்கூடத் தங்கள் வீட்டையும் மாட்டையும் படம் பிடித்து அட்டையாகவே அனுப்பினார்கள். தபால்தலை ஒட்டும் கட்டத்தில் அஸோ என்ற தாளின் பெயரும் மூலைகளில் குட்டி முக்கோணங்களும் இருக்கிறதா? நான்கும் மேலே பார்த்தால் ஏறக்குறைய 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் 1918 முதல் 1930 வரை. ஆனால் இது தாளின் வயதுதான். பழைய நெகட்டிவைப் பத்து வருஷம் கழித்தும் அச்சுப் போடலாம் இல்லையா?

கே: சறுக்குவண்டி மேல் மரப்பெட்டி, அதிலிருந்து புகைக்குழாய். இது என்ன, நகரும் டீக்கடையா?

ப: சிரித்துவிட்டேன். அதை அங்கே கபூஸ் என்பார்கள், ரயிலின் கடைசிப் பெட்டிக்கு இருந்த பேர்தான். உள்ளே சின்ன இரும்பு அடுப்பு, இரண்டு பக்கமும் பெஞ்சு, முன்னால் ஒரு ஜன்னல், கடிவாளம் உள்ளே வர ஒரு ஓட்டை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது இதில்தான். ஒரு பயம் உண்டு: பனிமேட்டில் வண்டி சாய்ந்தால் அடுப்புத் தணலும் பிள்ளைகளும் ஒரே பக்கம் விழும். அப்புறம் பொம்பார்டியே கம்பெனியின் சங்கிலிப்பட்டை வைத்த பனிவண்டிகள் வந்தன, கியூபெக்கில் செய்தவை, 1940-களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கென்றே ஒரு மாடலும் இருந்தது. கபூஸ் படம் கிடைத்தால் முதலில் புகையைப் பாருங்கள். நேராக மேலே போனால் அன்றைக்குக் காற்றே இல்லை, குடும்பம் நிதானமாக நின்று எடுத்த படம்.

கே: 1888 பனிப்புயலின் படம் என்று ஒன்று சுற்றுகிறதே, உண்மையா?

ப: ஜனவரி 12, 1888, டகோட்டா, நெப்ராஸ்காப் பக்கம். காலையில் இதமாக இருந்த நாள், பிள்ளைகள் கனமான கோட்டுகூட இல்லாமல் பள்ளிக்குப் போயிருந்தார்கள். பிறகு புயல். இறந்தவர்கள் சுமார் 235 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கை நீட்டினால் விரல் தெரியாத புயலில் முக்காலி நாட்டிக் கண்ணாடித் தட்டில் யார் படம் எடுப்பது? புயல் படம் என்று வருவதெல்லாம் புயல் ஓய்ந்த மறுநாள் வெயிலில் எடுத்தவை, இல்லாவிட்டால் வேறு வருஷத்தவை. தலைப்பை நம்பாதீர்கள்.

கே: பழைய படத்தைச் செயலியில் போட்டுக் கலர் ஆக்கலாமா?

ப: நகலில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அசலைத் தொடாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். ஆனால் செயலிக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்துத் தட்டுகளில் நீலம் வெளுப்பாக விழும், சிவப்புப் பதியவே பதியாது, அச்சில் கறுப்பாகத் தெரியும். அதனால்தான் வானமும் பனியும் ஒரே வெள்ளையாகத் தெரிகின்றன. கறுப்புக் கோட்டு என்று நீங்கள் நினைப்பது ரத்தச் சிவப்பாக இருந்திருக்கலாம்.

கே: மின்கம்பத்தின் உச்சிக்குப் பக்கத்தில் ஒருவர் பனிமேல் நிற்கும் வடக்கு டகோட்டாப் படம் போலிதானே?

ப: இல்லை. 1966 மார்ச் 9, ஜேம்ஸ்டவுன் பக்கம், மாநில நெடுஞ்சாலைத் துறையில் இருந்த பில் கோக் எடுத்தது.

கே: (அதே அன்பர்) ஒரு புயலில் அவ்வளவு பனி விழாது. நான் எஞ்சினியர்.

ப: விழுந்தது என்று யார் சொன்னார்கள்? விழுந்தது இரண்டு மூன்று அடிதான். மரமில்லாத வெளியில் காற்று அதைத் தரையோடு தள்ளிக்கொண்டே வரும். வேலி, வீடு, ரயில் பாதைக்காக வெட்டிய பள்ளம் என்று எதாவது தடுத்தால் அங்கே கொட்டும். அந்தப் புயலில் 30 அடிக்கு மேல் குவிந்த இடங்கள் உண்டு, நாலு வயல் தள்ளிப் புல் தெரிந்திருக்கும்.

கே: (மறுபடியும் அவரே) நிழல் சரியில்லை.

ப: போலி வேண்டுமென்றால் நல்ல போலி தருகிறேன், இதை விடுங்கள். மாண்ட்ரீலில் வில்லியம் நோட்மன் 1860-களில் ஸ்டூடியோவுக்குள்ளேயே குளிர்காலம் செய்தார். தரையில் உப்பு, ஐஸுக்குப் பதில் பளபளப்பான துத்தநாகத் தகடு, விழும் பனிக்கு நெகட்டிவ் மேலேயே வெள்ளைச் சாயத் தூறல். நெப்ராஸ்காவில் புல்கட்டி வீடுகளை (புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டியவை) படம் பிடித்த சாலமன் புட்சர் இல்லாததையெல்லாம் நெகட்டிவில் கீறிச் சேர்த்தார். அவர்களைச் சந்தேகப்படுங்கள். கம்பத்தில் நிற்பவர் பாவம்.

கே: என்னிடமும் ஒரு படம், எந்த வருஷம்?

ப: திருப்பிப் பாருங்கள்.

கே: இது எந்த வருஷம் ஐயா?

ப: மேலே படியுங்கள்.

கே: ஏன் யாரும் சிரிக்கவில்லை?

ப: மைனஸ் 40-இல் நீங்கள் சிரித்துக் காட்டுங்கள்.

கே: நான் திருப்பிப் பார்த்துவிட்டேன்! ரயில் பாதையில் ஆட்கள் பனியை வெட்டுகிறார்கள். பின்னால் பென்சிலில் 47 என்று இருக்கிறது. ரெஜைனாவில் வாங்கியது.

ப: அப்படிக் கேளுங்கள்! 1947-இல் ஜனவரி 30 தொடங்கிப் பிப்ரவரி 8 வரை பத்து நாள் புயல், ரெஜைனாவுக்கு ரயிலே வரவில்லை. ஒரு ரயில் கிலோமீட்டர் நீளமும் எட்டு மீட்டர் ஆழமுமான பனிக்குவியலுக்குள் புதைந்து கிடந்தது. ஆனால் 47 என்பது வருஷமா, ஸ்டூடியோக்காரர் போட்ட வரிசை எண்ணா, கடைக்காரர் எழுதிய விலையா? பென்சில் எழுத்தை அழிக்காமல் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள், மூலையில் என்ன முத்திரை என்றும் சொல்லுங்கள். இன்றைக்கு ராத்திரியே பார்க்கிறேன்.