பந்தயத்தில் ஓடும் பைக்கும் ஷோரூமில் விற்கும் அதே மாடலும் எந்த அளவுக்கு வேறுபடும்?

முதலில் எந்தப் பந்தயம் என்று பார்க்க வேண்டும். உலகின் உச்ச பைக் பந்தயமான மோட்டோஜிபியின் வண்டிகள் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டவை, அவற்றைக் கடையில் வாங்க முடியாது. உங்கள் கேள்விக்குப் பொருந்துவது வேர்ல்டு சூப்பர்பைக் வகை. விற்பனையில் உள்ள, அங்கீகாரம் பெற்ற மாடல்தான் அங்கே ஓடலாம். நாலு சிலிண்டர் என்றால் 1000 சிசிதான் வரம்பு. டுகாட்டியின் பானிகாலே வி4 1103 சிசி என்பதால், பந்தயத்தை மனதில் வைத்தே 998 சிசியில் வி4 ஆர் என்று தனியாக ஒன்றை விற்கிறார்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது பவர். என் கணிப்பில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) இல்லாத எக்ஸாஸ்ட், விதி அனுமதித்தால் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஆகியவை மாறும். ஸ்டாக் வகைப் பந்தயங்களில், அதாவது விற்கும் வண்டியை அதிகம் மாற்றாமல் ஓட்டும் பந்தயங்களில், எஞ்சினுக்குள் கை வைக்கவே பெரும்பாலும் விட மாட்டார்கள். ஆனாலும் லேப் டைம் வெகுவாகக் குறையும். காரணம் சஸ்பென்ஷனும் டயரும்.

ரோடு வண்டியின் ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) ஸ்பிரிங் பள்ளம் மேட்டையும் பின்னால் உட்காருபவரையும் கணக்கில் வைத்தது. டிராக்கில் முழு பலத்தோடு பிரேக் பிடித்தால் அது அடிவரை அமுங்கிவிடும், அதன்பின் முன் டயர் துள்ளும். அதனால் ஓட்டுபவரின் எடைக்கேற்ற கடினமான ஸ்பிரிங்கும் ஃபோர்க்கின் உள்ளே வேறு கார்ட்ரிட்ஜும் (துள்ளலை அடக்கும் பாகம்) போடுவார்கள். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), பின்பக்க உயரம், ஃபுட்ரெஸ்ட் என்று பலதையும் ஒவ்வொரு டிராக்குக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள வசதி இருக்கும். கியர் லீவரைப் பலர் தலைகீழாக வைப்பார்கள்: மேலே தட்டினால் முதல் கியர், கீழே மிதித்தால் மற்றவை. இடப்பக்கம் சாய்ந்தபடி வேகமெடுக்கும்போது லீவருக்கு அடியில் காலை நுழைக்க இடம் இருக்காது என்பதே காரணம்.

பார்த்தவுடன் கண்ணில் படாத வேலை சேஃப்டி வயர், அதாவது போல்ட் கழலாமல் கட்டும் கம்பி. ஆயில் டிரெயின் போல்ட், ஃபில்லர் மூடி, பிரேக் காலிபர் போல்ட் ஆகியவற்றின் தலையில் சுமார் 1.5 மில்லிமீட்டர் துளை போட்டு, 0.8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பியை முறுக்கிக் கட்டுவார்கள். கம்பி இழுக்கும் திசை போல்ட் இறுகும் திசையாக இருக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் கட்டாததற்குச் சமம். கம்பி போல்ட்டை இறுக்காது, கழன்று போகாமல் மட்டும் பிடிக்கும். எனவே முதலில் சரியான டார்க்கில் (முறுக்கு அளவில்) முடுக்கிவிட்டுத்தான் கட்ட வேண்டும். ஆயில் ஃபில்டரில் துளை போட முடியாது. அதைச் சுற்றி ஹோஸ் கிளிப் மாட்டி, கிளிப்பில் கம்பி கட்டுவார்கள். துளை போடும்போது பிட் மறுபக்கம் வெளிவரும் கடைசி நொடியில்தான் உடையும், அங்கே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? அந்த ஒரு போல்ட் கழன்றால் ஆயில் அந்த வண்டியின் பின் டயரிலேயே விழும், ஓட்டுபவர் விழுவார், பின்னால் வருபவர்களும் வரிசையாக விழுவார்கள். அடி ஃபேரிங்கை (எஞ்சினுக்குக் கீழே உள்ள வெளிக்கூட்டை) தொட்டி போல மூடி வைப்பதும் சிந்தும் ஆயிலைப் பிடிக்கத்தான். கூலன்டை இறக்கிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றுவதும் இதனால்தான். கூலன்டில் இருக்கும் கிளைகால் தரையில் சிந்தினால் எளிதில் காயாது, வழுக்கும். தண்ணீர் மட்டும் இருந்தால் உள்ளே துரு பிடிக்கும், கடுங்குளிரில் உறையும் என்பதால் சீசன் முடிந்ததும் மாற்ற மறக்கக் கூடாது.

டயர் விஷயத்தில் ஸ்லிக்கை (பள்ளக் கோடுகள் இல்லாத பந்தய டயரை) வார்மர் என்ற சூடேற்றும் உறையில் 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கியபின் அழுத்தத்தைச் சரிசெய்வார்கள். 2024 முதல் மோட்டோஜிபியில் முன் டயருக்குக் குறைந்தபட்ச அளவு 1.80 பார், அதாவது சுமார் 26 பிஎஸ்ஐ. பல ரோடு சூப்பர்பைக்குகளில் முன்னே 36, பின்னே 42 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதே காற்றோடு டிராக்கில் இறங்கினால் சூட்டில் அழுத்தம் இன்னும் ஏறும், தரையைத் தொடும் பரப்பு குறையும், ரப்பர் கிழியும்.

உங்கள் வண்டியை டிராக் டேவுக்கு (சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு) கொண்டுபோவதுதான் எண்ணம் என்றால், புதிய பிரேக் ஃப்ளூயிட், நல்ல பிரேக் பேட், சரியான டயர் அழுத்தம், எடைக்கேற்ற சஸ்பென்ஷன் என்ற வரிசையில் செலவு செய்யுங்கள். பழைய ஃப்ளூயிட் கொதித்தால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும், பிரேக் இருக்காது. எக்ஸாஸ்ட் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.