இருட்டில் மொபைல் கேமரா: புரோ மோடு கேள்விகளும் பதில்களும்

மங்கலான வெளிச்சத்தில், கேமரா அமைப்புகளை நாமே மாற்றும் புரோ மோடில், மொபைலில் படம் எடுப்பது பற்றி உங்கள் சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையப் பேருக்குச் சிக்கல் ஒரே இடத்தில்தான் வருகிறது. அதனால் முதல் பதிலை மட்டும் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கேள்வி: புரோ மோடைத் திறந்தால் ஐஎஸ்ஓ, ஷட்டர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் என்று வரிசையாக நிற்கிறது. எதை முதலில் தொடுவது சார்?

ஷட்டரை, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தை. பலரும் இருட்டைப் பார்த்ததும் ஐஎஸ்ஓவைத்தான் ஏற்றுகிறார்கள். அங்கேதான் படம் கெடத் தொடங்குகிறது.

ஐஎஸ்ஓ வெளிச்சத்தைக் கொண்டுவராது. படத்தைப் பதியும் சென்சாரில் ஏற்கெனவே விழுந்ததைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். படத்தில் தெரியும் சொரசொரப்புக்கு, அதாவது நாய்ஸுக்கு, பெரிய காரணம் ஒளி போதாமைதான். ஒளி நாலு மடங்கு சேர்ந்தால், படத்தின் வெளிச்சத்தோடு ஒப்பிடும்போது சொரசொரப்பு ஏறக்குறைய பாதியாகும். பெரும்பாலான மொபைல்களில் லென்ஸின் துளையை மாற்ற முடியாது. ஆக, அறையில் இன்னொரு விளக்கைப் போட வழியில்லை என்றால், கூடுதல் ஒளியை வாங்க உங்கள் கையில் இருப்பது ஷட்டர் நேரம் ஒன்றுதான்.

அதனால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே எது அசைகிறது? ஓடி விளையாடும் குழந்தை என்றால் 1/250 விநாடியாவது வேண்டும். நடந்து வருபவருக்கு 1/125. உட்கார்ந்து பேசுபவருக்கு 1/60 போதும், ஒரு நொடி அசையாமல் இருக்கச் சொன்னால் 1/30 கூடப் போதும். எதுவுமே அசையவில்லை, உங்கள் கை மட்டும்தான் என்றால், லென்ஸில் ஆட்டத்தைச் சமன்செய்யும் ஓஐஎஸ் வசதி இருக்கும் போனில் 1/15, சிலருக்கு 1/8 வரை இறங்கலாம். போனை அசையாமல் எங்காவது பொருத்திவிட்டால் பல விநாடிகள் வரை போகலாம். இப்படி ஷட்டரை முடிவு செய்த பிறகு, படம் சரியான வெளிச்சத்துக்கு வரும் வரை மட்டும் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள்.

கேள்வி: தங்கை மேசை விளக்கில் படிப்பதை 1/125, ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுத்தேன். மணல் தூவியது போல இருக்கிறது. என்ன தப்பு?

படிப்பவருக்கு 1/125 தேவையே இல்லை. ஷட்டரை 1/30 ஆக்கினால் ஏறக்குறைய நாலு மடங்கு ஒளி உள்ளே வரும், அதே வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 800 போதும். முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டு ஐந்தாறு படம் தொடர்ந்து எடுங்கள். ஒன்றிரண்டில் லேசாக ஆட்டம் இருக்கும். கூர்மையாக வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம். நான் இப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: அப்படியென்றால் எப்போதும் ஐஎஸ்ஓ 100தானே நல்லது?

இல்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். சொரசொரப்பைப் பிறகு ஓரளவு குறைக்கலாம். ஆடிப்போன முகத்தை எதைக் கொண்டும் திருப்பி வரவழைக்க முடியாது. ஆள் அசைகிறார் என்றால் 1600 என்ன, 3200 என்ன, தயங்காமல் ஏற்றுங்கள். ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து, படத்தை இருட்டாக எடுத்து, பிறகு எடிட்டிங்கில் வெளிச்சமாக்குவதால் எதுவும் மிச்சமாவதில்லை. ஒளி குறைவாகத்தானே விழுந்தது. போன் வழக்கமாகச் சேமிக்கும் ஜேபெக் படத்தில் நிழல் பகுதிகள் இன்னும் மோசமாக, திட்டுத்திட்டாக வரும்.

கேள்வி: நைட் மோடு தானாகவே நன்றாக எடுக்கிறதே. புரோ மோடு எதற்கு?

நியாயமான கேள்வி. கையில் பிடித்துக்கொண்டு அசையாத ஒரு காட்சியை எடுப்பதற்கு நைட் மோடுதான் பெரும்பாலும் ஜெயிக்கும். அது ஒரே படம் எடுப்பதில்லை. வரிசையாகப் பல படங்களை எடுத்து, கை நகர்ந்த அளவுக்கு அவற்றை நேர்ப்படுத்தி, ஒன்றாகச் சேர்க்கிறது. சேர்க்கச் சேர்க்கச் சொரசொரப்பு குறைகிறது. கூகுள் பிக்சலில் 2018இலும் ஐபோன் 11இல் 2019இலும் வந்தது இந்த முறைதான். புரோ மோடில் ஒரே ஒரு ஷாட்டை வைத்து அதைக் கையாலேயே மிஞ்சுவது கடினம்.

ஆனால் ஆள் நகர்ந்தால் நைட் மோடு தடுமாறும். வாகன விளக்குகளைக் கோடுகளாக இழுப்பது, வாணவேடிக்கை, நிலா போன்றவற்றில் நீங்களே முடிவு செய்தால்தான் நினைத்தது வரும். இன்னொன்று, பல போன்களில் நைட் மோடு இரவைப் பகலாக்கிவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை. இருட்டு இருட்டாகவே தெரிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் புரோ மோடு வேண்டும்.

கேள்வி: எல்இடி விளக்குக்குக் கீழே எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. கேமரா பழுதா?

பழுது இல்லை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறையும், 60 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் 120 முறையும் மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை. மொபைல் சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால் சில வரிகளில் விளக்கின் மங்கல் பதிவாகிவிடுகிறது. முதல் வகை இடத்தில் 1/50 அல்லது 1/100, இரண்டாவதில் 1/60 அல்லது 1/120 வைத்தால் பட்டைகள் போய்விடும். சில மலிவான எல்இடிகளும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விளக்குகளும் வேறு கணக்கில் துடிக்கும். அங்கே ஷட்டரை இன்னும் மெதுவாக்கிப் பாருங்கள்.

கேள்வி: மெழுகுவர்த்தி ஒளியில் முகம் ஒரே ஆரஞ்சாக வருகிறது அண்ணா.

மெழுகுவர்த்தியின் ஒளி, நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் 1900 அளவில் இருக்கும், பகல் வெளிச்சம் 5500 பக்கம். நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸின் எண்ணைக் குறைத்தால் படம் நீலத்தை நோக்கிப் போகும், கூட்டினால் மஞ்சளாகும். இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் காரணம் உண்டு: ‘இங்கே ஒளி மஞ்சள்’ என்று நீங்கள் கேமராவுக்குச் சொல்கிறீர்கள், அது பதிலுக்கு நீலத்தைச் சேர்க்கிறது. 2800இலிருந்து 3200க்குள் வைத்துப் பாருங்கள். முழு வெள்ளையாக்க வேண்டாம், அந்தக் கதகதப்புக்காகத்தானே மெழுகுவர்த்தியை ஏற்றினீர்கள்.

கேள்வி: நிலா எப்போதும் வெள்ளை வட்டமாகவே வருகிறது.

வானம் இருட்டு, ஆனால் நிலா இருட்டில் இல்லை. அதன் மேல் விழுவது நேரடி வெயில். ஆகவே ஏறக்குறைய பகல் காட்சிக்கு வைப்பது போலவே வைக்க வேண்டும்: தூரத்தைப் பெரிதாக்கும் டெலிஃபோட்டோ லென்ஸ், ஐஎஸ்ஓ 50 அல்லது 100, ஷட்டர் 1/500இல் தொடங்கி, கறைகள் தெரியும் வரை இன்னும் வேகமாக்குங்கள். சாதாரண லென்ஸில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நிலாவின் அகலம் வானத்தில் அரை டிகிரிதான், 12 மெகாபிக்சல் படத்தில் சுமார் 30 பிக்சல்.

கேள்வி: நட்சத்திரங்களுக்கு?

போனைப் பொருத்தி வையுங்கள். ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, ஷட்டர் 10 முதல் 15 விநாடி. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, அதனால் 20 விநாடியைத் தாண்டினால் நட்சத்திரங்கள் சிறு கோடுகளாக நீளும். ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி தொலைவைக் குறிக்கும் மலைச் சின்னம் இருக்கும் முனைக்குத் தள்ளுங்கள். ஆனால் பல போன்களில் கடைசி முனை சரியான இடமாக இருப்பதில்லை. தூரத்தில் ஒரு விளக்கைப் பெரிதாக்கிப் பார்த்து, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி: இரவில் 108 மெகாபிக்சல் மோடில் எடுக்கலாமா?

வேண்டாம். சாதாரண மோடில் அக்கம்பக்கத்துப் பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாக வேலை செய்யும், இருட்டில் அதுதான் உதவும். ஜூமும் வேண்டாம். முடிந்தவரை முதன்மை லென்ஸிலேயே எடுத்து, நாலு அடி முன்னால் போங்கள். பெரிய சென்சார் பொதுவாக அதன் பின்னால்தான் இருக்கிறது.

கேள்வி: என் ஐபோனில் புரோ மோடே காணோம்.

ஐபோனின் சொந்தக் கேமராவில் ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் நேரடியாக மாற்றும் வசதி இல்லை. அதற்கென்று தனிச் செயலிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரா ஃபைலில் எடுப்பது அவசியமா?

ரா என்பது சென்சார் பதிந்ததைப் போன் திருத்தாமல் சேமிக்கும் ஃபைல். பிறகு உட்கார்ந்து திருத்தும் பழக்கம் இருந்தால் மட்டும் அது வேண்டும். ஒயிட் பேலன்ஸைத் தயக்கமில்லாமல் மாற்றலாம், நிழல்களில் விவரம் மிஞ்சும். ஆனால் சொரசொரப்பை நீக்கும் வேலையும் உங்கள் தலையில் விழும். ஃபைலும் பெரியது.

கேள்வி: டிரைபாடில் வைத்து 4 விநாடி எடுத்தும் படம் ஆடியிருக்கிறது. விளக்குகளைச் சுற்றி ஒளி வேறு இழுபடுகிறது.

இழுபடுவதற்குக் காரணம் லென்ஸில் இருக்கும் விரல்ரேகையாகத்தான் இருக்கும். மெல்லிய துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். ஆட்டத்துக்குக் காரணம், பட்டனைத் தொடும்போது போன் நடுங்குவது. 2 அல்லது 3 விநாடி டைமர் வையுங்கள். அணைக்கும் வசதி இருந்தால் ஓஐஎஸ்ஸை அணையுங்கள், அசையாத போனில் சில சமயம் அதுவே ஆட்டத்தை உண்டாக்கும். காற்றடித்தால் டிரைபாடின் காலை நீட்டாமல் தாழ்வாக வையுங்கள். மரத்தரை என்றால், ஷட்டர் மூடும் வரை பக்கத்தில் யாரும் நடக்க வேண்டாம்.