அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தைக்குக் காது ஜவ்வை அடைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. அண்ணப்பிளவோடு, அதாவது வாயின் மேற்கூரை பிளந்து, பிறந்தாள். ஒரு வயதில் அறுவை செய்து மூடினார்கள். இப்போது இடது காதில் அடிக்கடி சீழ் வடிகிறது. ஜவ்வில் ஓட்டை இருக்கிறதாம். ஒரு மருத்துவர் உடனே அடைக்கச் சொல்கிறார். இன்னொருவர், "இந்தக் குழந்தைகளுக்கு ஜவ்வு நிற்காது, வளரட்டும்" என்கிறார். நான் என்ன செய்வது? – ஒரு தாய், தருமபுரி

பதில்: மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு யூஸ்டேசியன் குழாய் என்ற மெல்லிய குழாய் போகிறது. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுத்து அதைத் திறக்கும். காற்று உள்ளே போகும். அண்ணம் பிளந்து பிறக்கும் குழந்தைக்கு அந்தத் தசை இடம் மாறிப் பொருந்தியிருக்கும். காற்றுப் போகாத நடுக்காதில் நீர் கட்டும், ஜவ்வு உள்நோக்கி இழுபடும், சீழ் பிடித்தால் கிழியும். அண்ணத்தை மூடிவிட்டதால் மட்டும் இது மாறுவதில்லை. பலருக்கு வளர வளரத்தான் தேறுகிறது.

அதனால் வளரட்டும் என்றவரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் "நிற்காது" என்ற சொல்லை ஏற்க மாட்டேன். அண்ணப்பிளவுக் குழந்தைகளுக்கும் ஓட்டை நன்றாக அடைபடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிளவு இருந்தது என்பதற்காக மட்டும் ஒரு குழந்தைக்கு இந்த அறுவையை மறுப்பது சரியல்ல.

வலது காதைப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி அதுதான். அங்கே நீர் இல்லை, ஜவ்வு குழிந்திருக்கவில்லை, காற்றழுத்தம் கொடுத்து ஜவ்வின் அசைவைப் பார்க்கும் டிம்பனோமெட்ரி சோதனையும் சரியாக இருக்கிறது என்றால், இடது காதைச் சில வாரம் மருந்தால் உலர வைத்து அறுவை செய்யலாம். 9 வயது போதும். வலது காதிலும் நீர் கட்டியிருந்தால் பொறுப்பதே நல்லது. காதுக்கு மேலிருக்கும் தசையின் உறையை எடுத்து ஒட்டுவது வழக்கம். இவளுக்குக் காது மடலின் குருத்தெலும்பை வைக்க முடியுமா என்று கேளுங்கள். அது விறைப்பானது, மறுபடி உள்ளே இழுபடாமல் தாங்கும்.

சீழ் துர்நாற்றம் அடித்தாலோ, வெள்ளைச் செதில் தெரிந்தாலோ காத்திருக்கவே கூடாது. அது நடுக்காதில் தோல் சேர்ந்து வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமாவாக இருக்கலாம். அதற்கான அறுவை வேறு.

இன்னொன்று. மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையையும் சேர்த்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அண்ண அறுவை செய்த மருத்துவரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். பேசும்போது மூக்கு வழியாகக் காற்றுக் கசியாமல் இவளுக்கு அந்தச் சதை உதவிக்கொண்டிருக்கலாம். எடுத்தால் பேச்சு மூக்கொலியாகிவிடக்கூடும்.

அறுவை நடக்கும்வரை காதில் எண்ணெய் விட வேண்டாம், பூண்டு காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம். தலைக்குக் குளிக்கும்போது வாஸ்லைன் தடவிய பஞ்சை வைத்துவிடுங்கள். கேட்கும் திறனை இந்த மாதமே ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள்; இரண்டு காதும் மந்தமென்றால் அறுவை வரை காதுக் கருவி கேளுங்கள். பள்ளியில் முன்வரிசையில், வலது காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி அவளை உட்கார வைக்கச் சொல்லுங்கள். அதற்கு நாளைக்கே பள்ளிக்குப் போய்வாருங்கள்.