போனில வேர்ட் பைல்: மாத்திறது, சேர்க்கிறது, திருத்திறது (கேள்வி பதில்)

இந்தமுறை வந்த கேள்வியள் கொம்பியூட்டரில அடிச்ச டொக்கியூமென்டை போனில திறந்து திருத்திறதையும், பல பேர் தந்ததை ஒண்டாக்கிறதையும் பற்றினவை. வேர்ட், கூகிள் டொக்ஸ், பீடிஎவ் மட்டும் சொல்லுறன். எதைத் தொட முதலும் பைலுக்கு ஒரு கொப்பி எடுத்து வையுங்கோ.

கேள்வி (கொக்குவில்): சனசமூக நிலையத்தின்ர பழைய கூட்ட அறிக்கையை போனில திறந்தா முழுக்க இங்கிலிஸ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது. பைல் பழுதாப்போச்சோ?

பதில்: பழுதாகேல்லை. உது பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்ச பைல். பாமினி பைலுக்குள்ள தமிழ் எழுத்தே இல்லை. இங்கிலிஸ் எழுத்துக்குரிய இடத்தில தமிழ் உருவத்தை வரைஞ்சு வைச்சிருக்கினம், அவ்வளவுதான். "தமிழ்" எண்டு நீங்கள் காணுற சொல் உள்ளுக்கு ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு உள்ள கொம்பியூட்டரில அது தமிழாத் தெரியும். போனில அந்த எழுத்துரு இல்லை, உள்ளதை உள்ளபடி காட்டுது.

இதை யூனிகோடுக்கு, அதாவது போனும் கொம்பியூட்டரும் தமிழாவே அறியிற பொதுக் குறியீட்டுக்கு, மாத்தினாத்தான் போனில திருத்தலாம். எழுத்தைக் கொப்பி பண்ணி பொங்குதமிழ் மாற்றியிலயோ என்எச்எம் மாற்றியிலயோ போட்டு, பாமினியைத் தெரிவு செய்து மாத்துங்கோ. திரும்ப வேர்டில ஒட்டி லதா அல்லது நிர்மலா எழுத்துரு குடுங்கோ. அட்டவணை இருந்தா நிரல் நிரலா மாத்துங்கோ, முழுக்க அள்ளிப் போட்டா கோடெல்லாம் போயிடும்.

கவனிக்க வேண்டிய இடம் ஒண்டு இருக்கு. அறிக்கைக்குள்ள இங்கிலிஸ் எழுத்துருவில அடிச்ச சொல்லும் காசுத் தொகையும் கிடந்தா மாற்றிக்கு அது தெரியாது, அதையும் பாமினியெண்டு நினைச்சு மாத்திப்போடும். பாமினியில காற்புள்ளி விசைதான் "இ". அதால 25,000 ரூபா "25இ000" எண்டு வந்து நிக்கும். கணக்கறிக்கையில உது நிண்டா பெரிய பிரச்சினை. மாத்த முதல், வேர்டின்ர தேடி மாத்திற பெட்டியில எழுத்துருவை வைச்சுத் தேடி, பாமினி அல்லாத இடமெல்லாத்துக்கும் மஞ்சள் அடியுங்கோ. அந்தப் பைலைப் பக்கத்தில திறந்து வைச்சுக்கொண்டு, மஞ்சள் உள்ள இடங்களைப் புதுப் பைலில ஒவ்வொண்டாச் சரிபாருங்கோ.

கேள்வி (சாவகச்சேரி): அம்மாவின்ர அந்தியேட்டிக்கு நினைவு மலர் போடவேணும். கனடாவில இருந்து அண்ணா வேர்டில அனுப்பினவர், லண்டன் சித்தி வட்ஸ்அப்பில எழுதினவா, மாமா பாமினியில அடிப்பிச்சுத் தந்தவர். என்னட்டப் போன் மட்டும்தான். எப்பிடி ஒண்டாக்கிறது?

பதில்: அம்மாவின்ர ஆத்மா சாந்தியடையட்டும், தங்கச்சி. இந்த வேலையைப் போனிலயே பெரும்பாலும் முடிக்கலாம், ஒழுங்கு மாறாமல் செய்யுங்கோ.

முதல் மாமாவின்ர பகுதியை யூனிகோடாக்குங்கோ. அதுக்குக் கொம்பியூட்டர் உள்ள ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போகவேண்டி வரும். மாத்தாமல் சேர்த்தா, எது மாமாவின்ர எழுத்து, எது இங்கிலிஸ் எண்டு போனில பிரிக்கவே ஏலாது.

பேந்து கூகிள் டொக்ஸில ஒரே ஒரு டொக்கியூமென்ட் திறவுங்கோ. பக்க அளவை அப்பவே அச்சகத்திட்டக் கேட்டு வையுங்கோ. கனடாவில இருந்து வாற பைல் அநேகமா லெட்டர் அளவில இருக்கும், அது 8.5 அங்குலத்துக்கு 11. எங்கட ஏ4 210 மில்லிமீற்றருக்கு 297. கடைசி நேரத்தில அளவை மாத்தினா ஒவ்வொரு பக்கமும் வழுகும். ஒவ்வொருத்தரின்ர எழுத்தையும் வடிவமைப்பு இல்லாமல் வெறும் எழுத்தா ஒட்டுங்கோ, இல்லாட்டி ஆளுக்கொரு எழுத்தளவும் வரி இடைவெளியும் கூட வரும். எழுதினவரின்ர பெயருக்குத் தலைப்புப் பாணி குடுத்து, இடையில பக்கம் முறிச்சு விடுங்கோ. அண்ணாவுக்கும் சித்திக்கும் இணைப்பை அனுப்பினா அவையள் அதுக்குள்ளேயே திருத்துவினம். ஆளாளுக்குப் புதுப் பைல் அனுப்பிற வேலை நிண்டிடும்.

படங்களைக் கடைசியாப் போடுங்கோ. வட்ஸ்அப்பில படமா அனுப்பினா தரம் குறையும், டொக்கியூமென்டா அனுப்பச் சொல்லுங்கோ. முடிவில பீடிஎவ் ஆக்கி அதை அச்சகத்துக்குக் குடுங்கோ. பிறந்த திகதி, வம்சாவளிப் பெயர் எல்லாத்தையும் வீட்டில மூத்த ஒராள் தாளில அடிச்சு வாசிக்கவேணும்.

கேள்வி (மானிப்பாய், அச்சகம் நடத்துறவர்): நாங்கள் இஞ்ச பாமினியிலதான் வேலை செய்யிறம். ரைப் பண்ணுற பிள்ளைக்கு வேகம் அதிலதான். யூனிகோடில தந்தா, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளில பெட்டி பெட்டியா வருது. சனத்தைக் குழப்பாதேங்கோ.

பதில்: அண்ணை, விரல் பழகின விசைப்பலகை வேற, பைலுக்குள்ள சேமிக்கிற குறியீடு வேற. பிள்ளை பாமினி விசையிலயே அடிக்கட்டும், என்எச்எம் ரைட்டர் எண்ட தட்டச்சு மென்பொருள் அதை யூனிகோடாப் பதியும். பேஜ்மேக்கர் பற்றி நீங்கள் சொல்லுறது சரி. அதின்ர கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001இல, அதில யூனிகோட் தமிழ் ஓடாது.

அதே அச்சகத்தார் திரும்ப: பேஜ்மேக்கருக்குப் பதிலா இன்டிசைன் வாங்கக் காசு ஆர் தாறது? மாத்தேக்க ஒரு எழுத்துப் பிழைச்சா சனம் எங்களைத்தான் ஏசும்.

பதில்: அந்தக் கவலை நியாயமானது, அதாலதான் ஆக்களை முடிஞ்ச பீடிஎவ்வோட உங்களிட்ட வரச் சொல்லுறன். பிழை திருத்திற பொறுப்பு அப்ப குடும்பத்தின்ர கையில. சின்ன மலருக்கு வேர்ட் மாதிரியான லிப்ரே ஒப்பிஸ் போதும், அது இலவசம். இன்டிசைன் இருக்கிறவை அதுக்குள்ள வேர்ல்ட்-ரெடி கொம்போசர் எண்ட தெரிவை எடுத்தா தமிழ் உடையாது. ஆனா நான் விட்டுக்குடுக்காத இடம் ஒண்டு இருக்கு. ஒரு குடும்பத்தின்ர வம்சாவளி பாமினிப் பைலில மட்டும் கிடந்தா, வெளிநாட்டில பிறந்த பேரப்பிள்ளை அதைப் போனில திறந்து தாத்தாவின்ர பெயரைத் தேடேக்க ஒண்டும் அகப்படாது. நீங்கள் பாமினியில அச்சடியுங்கோ, யூனிகோட் பிரதியொண்டை அவையளுக்குக் குடுத்துவிடுங்கோ.

கேள்வி (பருத்தித்துறை): போனில திறந்தா எழுத்தெல்லாம் இங்கிலிஸா வருது.

பதில்: கொக்குவில் கேள்வியைப் பாருங்கோ.

கேள்வி (திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவர்): குழு அறிக்கையின்ர ஐஞ்சு பகுதியையும் வேர்டில சேர்த்தா பக்கத் தலைப்பு போயிடுது.

பதில்: கொம்பியூட்டர் வேர்டில இன்சேர்ட், ஒப்ஜெக்ட், ரெக்ஸ்ட் ஃபுரொம் பைல் (Text from File) எண்ட வழியால சேருங்கோ. ஒவ்வொரு பகுதியின்ர முடிவிலயும் முதலே ஒரு செக்ஷன் பிரேக் (பகுதி முறிப்பு) போடவேணும், பக்கத் தலைப்பு அதிலதான் தொங்கி வரும். பேந்து, முந்தின பகுதியின்ர தலைப்பைத் தொடர வைக்கிற "லிங்க் டு பிரீவியஸ்" ஐ நிப்பாட்டுங்கோ. போன் வேர்டில உந்த வழி இல்லை.

கேள்வி (சுன்னாகம், ரீச்சர்): பீடிஎவ் வினாத்தாளை வேர்ட் ஆக்கினா கொம்பெல்லாம் இடம் மாறி நிக்குது.

பதில்: ரீச்சர், பீடிஎவ்வில எழுத்து கண்ணுக்குத் தெரியிற ஒழுங்கில கிடக்கிறதால ெ, ே, ை எல்லாம் முன்னுக்கு வந்து நிக்கும். கொம்பியூட்டரில கூகிள் டிரைவில ஏத்தி, கூகிள் டொக்ஸால திறந்து பாருங்கோ. அது படத்தைப் பார்த்து வாசிக்கும், தமிழும் வாசிக்கும். அடிச்சவரிட்ட மூலப் பைல் இருந்தா அதைக் கேட்டு வாங்கிறது இன்னும் நல்லது.

கேள்வி (ஊர்காவற்துறை): அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாத்தையும் ஒரே பீடிஎவ் ஆக்க நல்ல இணையத்தளம் சொல்லுங்கோ.

பதில்: சொல்லமாட்டன். ஆரின்ர எண்டே தெரியாத தளத்துக்கு அடையாள அட்டையை ஏத்தாதேங்கோ. அன்ட்ராய்டில கூகிள் டிரைவின்ர ஸ்கான் பல பக்கத்தை ஒரே பீடிஎவ் ஆக்கும். ஐபோனில பைல்ஸ் (Files) செயலிக்குள்ள எல்லாத்தையும் தெரிவு செய்து பீடிஎவ் உருவாக்கலாம். கொமினிகேஷன் கடையில செய்விச்சா, வெளிக்கிட முதல் அந்தக் கொம்பியூட்டரில இருந்து அழிப்பிச்சுப்போட்டு வாங்கோ.

கேள்வி (காரைநகர்): வட்ஸ்அப்பில வந்த பைலைத் திருத்தி அனுப்பினன், பழையதுதான் போகுதாம்.

பதில்: வட்ஸ்அப்பில இருந்து நேர திறந்தா நீங்கள் திருத்தினது வேற இடத்தில கொப்பியாச் சேமிபடும். முதல் போனில வேற பெயரில சேமிச்சு, அதைத் திருத்தி, அதையே இணைச்சு அனுப்புங்கோ.

கேள்வி (வட்டுக்கோட்டை): தமிழ் எழுத்து வருகுதில்லை, இங்கிலிஸா...

பதில்: தம்பி, மேல ரெண்டு இடத்தில சொல்லியாச்சு. பாமினி. கொக்குவில் கேள்வி.

கேள்வி (நல்லூர்): டப்லெட்டில வேர்ட் காசு கேக்குது, போனில கேக்கேல்லை. ஏன்?

பதில்: 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையெண்டா திருத்திறதுக்குச் சந்தா வேணும். அதுக்குப் பதிலா அதே டப்லெட்டில கூகிள் டொக்ஸ் பாவியுங்கோ. பழைய டொக் (.doc) பைலா இருந்தா முதல் டொக்எக்ஸா (.docx) மாத்திச் சேமிச்சுப்போட்டுத் திறவுங்கோ.