ரிப்போர்ட் நார்மல்... பயம் மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி: வயது 34. ஒரு வருடமாகப் படபடப்பு. இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாமே நார்மல். ரிப்போர்ட் வந்தால் இரண்டு நாள் நிம்மதி. பிறகு பழையபடி நாடி பிடித்துப் பார்ப்பதும் கூகுளில் தேடுவதும்தான். என்ன செய்வது?

பதில்: படபடப்பு கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, அந்த வேகத்தைப் பார்த்து மறுபடி பயப்படுகிறீர்கள். இடையில் ஒரு துடிப்பு தவறுவதுபோல் தோன்றுவது ஆரோக்கியமானவர்களுக்கும் உண்டு. அவர்கள் கவனிப்பதில்லை, நீங்கள் காவல் இருக்கிறீர்கள்.

சிக்கலே அந்த இரண்டு நாள் நிம்மதிதான். நாடி பார்த்ததும் பயம் இறங்குவதால், 'பார்த்ததால்தான் தப்பித்தோம்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறது. (கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று அழுத்தி அழுத்தியே வலியை வரவழைத்துக்கொள்பவர்களும் உண்டு.)

முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல், எத்தனை முறை நாடி பார்க்கிறீர்கள் என்று மட்டும் குறியுங்கள். பிறகு, கை போகும்போதெல்லாம் 10 நிமிடம் தள்ளிப்போடுங்கள். அடுத்த வாரம் 20, அதற்கடுத்து 40. பலர் சறுக்குவது இங்கேதான்: அந்த 10 நிமிடமும் பயத்தை விரட்டப் போராடுவார்கள். விரட்ட வேண்டாம். பார்க்காவிட்டாலும் பயம் தானாக இறங்கும் என்பதை மூளை கண்டுகொள்ளத்தான் இந்தப் பயிற்சி. முதல் வாரம் பயம் கூடலாம், அதை வைத்து விட்டுவிடாதீர்கள். கூகுள் தேடலை மட்டும் ஒரேயடியாக நிறுத்துங்கள். ஒரே மருத்துவரிடம், முன்பே குறித்த தேதியில் போங்கள். பயம் வரும்போதெல்லாம் புது டாக்டரைத் தேடாதீர்கள்.

ஆனால் மார்பை அழுத்தும் வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, மூச்சுத்திணறல், மயக்கம் என்று வந்தால் 10 நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது. உடனே அவசரப் பிரிவு.

ஆறு மாதத்துக்கு மேல் இப்படி நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஒரு வருடம் ஆகிவிட்டதால் இப்போதே பாருங்கள். சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. மாத்திரை தேவைப்பட்டால், அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும்.

கேள்வி: என் கணவர் தினமும் பத்து முறை 'எனக்கு ஒன்றும் ஆகாதே?' என்கிறார். 'ஆகாது' என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பதில்: உங்கள் 'ஆகாது'வும் நாடி பார்ப்பது மாதிரிதான். அவர் நிதானமாக இருக்கும்போது பேசி, இனி பதில் சொல்வதில்லை என்று இருவரும் முடிவெடுங்கள். பிறகு கேட்டால், "பயமா இருக்குன்னு புரியுது. இதுக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னு பேசியிருக்கோம்ல? வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்பது போதும். திட்டாதீர்கள். முன்கூட்டிப் பேசாமல் திடீரென்று வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.